வாசகனுக்கு வழி அமைத்த புனித எரோணிமுஸ்

புனித எரோணிமுஸின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜெரோம் என்றும் அவரை அழைப்பர். வற்றி உலர்ந்த மேனி, நீண்ட வெண்தாடி, காலடியில் ஒரு சிங்கம், பக்கத்தில் ஒரு மண்டையோடு, எங்கோ ஒரு மூலையில் கர்தினால்மாரின் சிவப்புத் தொப்பி. இவற்றுள் சிங்கம் அவருடையதன்று. பாலஸ்தீன வனத்தில் வாழ்ந்த கெராசிமுஸ் என்ற வேறொரு துறவியின் கதையிலிருந்து பெயர் மயக்கத்தால் இவரிடம் வந்து சேர்ந்தது அது. சிவப்புத் தொப்பியும் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் தோன்றியதே. அவர் கர்தினாலாக இருந்ததில்லை. படத்திலே முழு உண்மையாய் உள்ளது ஒன்றுதான். அவர் முன்னே விரித்துக் கிடக்கும் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை அவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார் என்பதை ஞானோபதேச வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஆனால், மொழிபெயர்த்ததோடு அவர் ஓயவில்லை. வாசிப்பவன் எங்கே தடுமாறுவான், எந்த இடத்தில் வழி தவறுவான், அவனுடைய கண்ணுக்கு எது உதவும் என்று வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்தவர் அவர். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆகையால் அவருடைய சரித்திரத்தை இன்று அந்தப் பக்கமாக நின்று உங்களுக்குச் சொல்லலாமென்று நினைக்கிறோம்.

உங்கள் வீட்டிலுள்ள வேதாகமத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. பந்தி பிரித்திருக்கிறது. அதிகாரத்துக்கு இலக்கம், வசனத்துக்கு இலக்கம். இதே செய்தி மற்ற நற்செய்திகளில் எங்கே உள்ளது என்ற குறிப்பு, அடியில் விளக்கம், கடைசிப் பக்கங்களில் தேசப்படம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய் நீக்கிவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதுதான் 4ஆம் நூற்றாண்டு வாசகனின் கையில் இருந்த புத்தகம். இலத்தீன் நூல்களில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வாசிப்பவனே கண்டுகொள்ளவேண்டும். நமது முன்னோரின் பனையோலைச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும். அங்கும் சொல் இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க வீரமாமுனிவர் பின்னாளில் எழுத்தைச் சீர்படுத்தினார் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. அவருக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அதே அக்கறையோடு உழைத்தவர் எரோணிமுஸ்.

தல்மாத்தியாவுக்கும் பன்னோனியாவுக்கும் எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்ற சிற்றூரில் 347ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். கிறிஸ்தவப் பெற்றோர், வசதியுள்ள குடும்பம். சிறு வயதிலேயே உரோமாபுரிக்குப் படிக்க அனுப்பப்பட்டார். அங்கே புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரான தொனாத்துஸ் அவருக்கு ஆசானாய் வாய்த்தார். இலத்தீன் இலக்கியத்தில் அவருக்கு அளவில்லாத மோகம் பிடித்தது. சொந்தக் கையாலும் பிறர் கையாலும் நூல்களைப் பிரதி செய்து ஒரு சிறு நூலகத்தையே சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு நிலத்தடிக் கல்லறைகளுக்குள் இறங்கி வேதசாட்சிகளின் சமாதிகளைத் தரிசிப்பாராம். ஞானஸ்நானம் பெற்றதும் உரோமாபுரியிலேதான்.

பின்பு துறவு வாழ்வில் நாட்டங்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். அந்தியோக்கியாவை அடைந்தபோது உடன் வந்த நண்பர் ஒருவர் காய்ச்சலால் மாண்டார். இவரும் சாவின் வாசல்வரை போனார். அந்த நோயிலே அவர் கண்ட கனவு பிரசித்தமானது. நித்திய நீதிபதியின் முன் அவரை நிறுத்தி, நீ கிறிஸ்தவனல்லன், சிசெரோவின் சீடன் என்று குற்றஞ்சாட்டிக் கசையால் அடித்தார்களாம். எழுந்தபின் கால்கிஸ் வனாந்தரத்துக்குச் சென்று தபசிருந்தார். தீய எண்ணங்களை அடக்க வேறு வழி காணாமல், மனந்திரும்பிய யூதர் ஒருவரிடம் எபிரேய மொழி கற்கத் தொடங்கினார். இலத்தீனின் இனிமையில் ஊறிய நாவுக்குச் சீறியும் மூச்சுவாங்கியும் உச்சரிக்கவேண்டிய அந்த எழுத்துக்கள் பெரிய தண்டனையாயிருந்தன. எத்தனையோ தடவை வெறுத்து விட்டுவிட்டு மறுபடி தொடங்கியதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முதிர்ந்த வயதில் அரிவரி படிப்பதன் துன்பம் இன்னதென்று அறிந்த மனிதர், பிறருக்குப் பாதையை எளிதாக்க முற்பட்டதில் வியப்பில்லை.

நிறங்களால் ஒரு சரித்திரம்

அந்தியோக்கியாவில் குருப்பட்டம் பெற்று, 380ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்திநோபிள் நகருக்கு வந்து, புனித கிரகோரி நசியான்சென் அவர்களிடம் வேதாகம விளக்கம் கேட்டார். இங்கேதான் அவர் செய்த முதற் பெரிய உதவி பிறந்தது. செசாரியா நகர ஆயர் எவுசேபியுஸ் கிரேக்கத்தில் இயற்றிய காலக்கணிப்பு நூலை இலத்தீனாக்கினார்.

அது பந்தி பந்தியாய் வாசித்துச் செல்லும் சரித்திரமன்று. ஒரு பெரிய அட்டவணை. ஆபிரகாமின் காலந்தொட்டு ஒவ்வோர் இராச்சியத்தின் ஆண்டுகளும் பக்கத்துக்குப் பக்கம் நிரல்களாய் இறங்கும். எபிரேயர் ஒரு நிரல், அசீரியர் ஒரு நிரல், எகிப்தியர் ஒரு நிரல். இடையிடையே அந்தந்த ஆண்டின் நிகழ்ச்சிகள். ஓர் அரசு வீழ்ந்தால் அதன் நிரல் அங்கே நின்றுவிடும். பக்கங்கள் புரளப்புரள நிரல்கள் ஒவ்வொன்றாய் மறைந்து இறுதியில் உரோமை மட்டும் எஞ்சும். உலக இராச்சியங்கள் தோன்றி மறைவதைப் பிரசங்கம் ஏதுமின்றிக் கண்ணாலேயே காணலாம். மூல நூல் விட்ட இடத்திலிருந்து 378ஆம் ஆண்டுவரையான செய்திகளை எரோணிமுஸ் தாமே சேர்த்தார்.

இந்நூலின் முகவுரையில் பிரதி எடுப்போருக்கு அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். எந்த வரி எந்த நிறத்தில் எழுதப்பட்டதோ அதே நிறத்தில்தான் பிரதியிலும் வரவேண்டும். இது கண்ணுக்கு அழகாயிருக்கட்டும் என்று செய்த வேலையென யாரும் எண்ணிவிடக்கூடாது. சோம்பலால் நிறத்தை விட்டுவிட்டால் ஓர் அரசனின் ஆண்டு மற்றோர் அரசனின் ஆண்டோடு கலந்து, வாசிப்பவன் சிக்கலில் அகப்பட்டுப்போவான் என்று காரணமும் சொன்னார். பாடசாலையில் வரைபடத்துக்கு நிறந்தீட்டும் பிள்ளைகள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

பாப்பரசர் இட்ட பணி

382ஆம் ஆண்டு உரோமாபுரிக்குத் திரும்பியவரைப் பாப்பரசர் தமாசுஸ் தம் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். அக்காலத்தில் இலத்தீன் நற்செய்திகள் பரிதாபமான நிலையில் இருந்தன. எத்தனை பிரதிகளோ அத்தனை பாடங்கள். மத்தேயுவை எழுதும்போது எழுத்தாளனுக்கு லூக்காஸின் சொல் நினைவுக்கு வரும். இங்கே ஏதோ குறைகிறதென்று எண்ணி அதையும் சேர்த்துவிடுவான். இப்படியே நான்கும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. இவற்றைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணியைப் பாப்பரசர் அவரிடம் ஒப்படைத்தார்.

திருத்தியதோடு அவர் நிற்கவில்லை. மறுபடியும் இந்தக் கலப்பு நேராதிருக்க, எவுசேபியுஸ் வகுத்திருந்த 10 அட்டவணைகளைத் தம் நற்செய்திகளின் முகப்பிலே வைத்து, அவற்றைப் பயன்படுத்தும் விதத்தையும் பாப்பரசருக்கு எழுதிய முகவுரையில் படிப்படியாய் விளக்கினார்.

அந்த முறையை நீங்களே செய்துபார்ப்பதுபோல் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு நற்செய்தியும் சிறு சிறு பிரிவுகளாக எண்ணிடப்பட்டிருக்கிறது. மத்தேயுவில் மட்டும் 355 பிரிவுகள். நீங்கள் அருளப்பர் நற்செய்தியில் ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் அப்பம் அளித்த இடத்தை வாசிக்கிறீர்கள். ஓரத்தில் கறுப்பு மையில் அந்தப் பிரிவின் எண் இருக்கும். அதன் கீழே சிவப்பு மையில் வேறோர் எண்: 1. உடனே முகப்புக்குத் திரும்பி 1ஆம் அட்டவணையைப் பார்க்கிறீர்கள். அதில் நான்கு நிரல்கள். நால்வரும் சொன்னவற்றுக்குரிய அட்டவணை அது. அருளப்பரின் நிரலில் உங்கள் எண்ணைத் தேடிப் பிடித்தால், அதே வரியில் மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகியோரின் எண்கள் நிற்கும். அந்த எண்களைக்கொண்டு அவர்கள் சொன்னதையும் எடுத்து வாசிக்கலாம். 2 முதல் 4 வரையுள்ள அட்டவணைகள் மூவர் சொன்னவற்றுக்கு. 5 முதல் 9 வரை இருவர் சொன்னவற்றுக்கு. ஊதாரி மைந்தன் உவமைக்குப் பக்கத்தில் சிவப்பில் 10 என்றிருக்கும். லூக்காஸ் ஒருவரைத் தவிர வேறெவரும் அதைச் சொல்லவில்லை என்பதை ஓர் எண் உங்களுக்கு அறிவித்துவிடும்.

அதிகார இலக்கம் வந்தது 13ஆம் நூற்றாண்டில், ஸ்தேவான் லாங்டன் அவர்களின் காலத்தில். நற்செய்திகளுக்கு நாம் இன்று வழங்கும் வசன இலக்கம் வந்தது 1551இல். அதற்கு முன்பு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, ஐரோப்பாவின் குருக்களும் துறவிகளும் நற்செய்தியில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தது பெரும்பாலும் இந்த அட்டவணைகளைக்கொண்டே. கண்டுபிடித்த புகழ் எவுசேபியுஸுக்கும், அவருக்கு வழிகாட்டிய அலெக்சாந்திரியா நகர அம்மோனியுஸுக்கும் உரியது. இலத்தீன் திருச்சபைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் எரோணிமுஸ்.

இதே காலத்தில் உரோமாபுரியின் பிரபு குலத்துப் பெண்கள் சிலர் அவரிடம் வேதாகமம் கற்றார்கள். மார்செல்லா, பவுலா, பவுலாவின் மகள் எவுஸ்தோக்கியம் ஆகியோர் எபிரேயத்தில் சங்கீதம் பாடும் அளவுக்குத் தேர்ந்தார்கள். மார்செல்லா கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியே அவர் பல கடிதங்களை நிரப்பியிருக்கிறார். ஊர் வாய் சும்மா இருக்குமா? துறவிக்கும் பெண்களுக்கும் என்ன பேச்சு என்றார்கள். அவருடைய கூரிய நாக்கும் பகைவரைப் பெருக்கியது. 384 டிசெம்பரில் தமாசுஸ் மரித்தபின் ஆதரிப்பார் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கப்பலேறினார். பவுலாவும் எவுஸ்தோக்கியமும் பின்தொடர்ந்தார்கள்.

கண்ணாற் கண்ட தேசம்

அவர்கள் நேரே போய் ஓரிடத்தில் அமர்ந்துவிடவில்லை. ஆண்டவர் நடமாடிய இடங்களையும் பிதாப்பிதாக்களின் ஊர்களையும் தேடித் தேடிச் சென்றார்கள். பிறிதொரு சமயம் கற்றறிந்த யூதர்களை உடனழைத்துக்கொண்டும் எரோணிமுஸ் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஏதென்ஸ் நகரைப் பார்த்தவனுக்குக் கிரேக்க சரித்திரம் நன்றாக விளங்குவதுபோல், யூதேயாவைக் கண்ணாற் கண்டவனுக்கு வேதாகமம் தெளிவாய் விளங்கும் என்பது அவருடைய கொள்கை. ஆனால் எல்லோராலும் யாத்திரை போக முடியுமா? போக முடியாதவர்களுக்காக அவர் ஒரு நூலைக் கொடுத்தார். எவுசேபியுஸின் இடப்பெயர் நூலை 390ஆம் ஆண்டளவில் இலத்தீனாக்கி, அறிந்ததையும் கண்டதையும் சேர்த்தார். ஊர்ப் பெயர்கள் எழுத்து வரிசையில் வரும். எருசலேமிலிருந்து பெத்லேகேம் 6ஆம் மைலில். லாசர் உயிர்பெற்ற பெத்தானியா 2ஆம் மைலில், அங்கே இப்பொழுது ஒரு கோயில் கட்டப்பட்டிருக்கிறது. இப்படிப் போகும் அந்த நூல். வேதாகமத்தின் எபிரேயப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் மற்றொரு நூலையும் அந்நாட்களிலேயே ஆக்கினார். நம் புத்தகங்களின் பின்பக்கத்திலுள்ள பெயர் விளக்கங்களுக்கும் தேசப்படங்களுக்கும் இவை மூதாதையர் என்னலாம்.

386இல் பெத்லேகேமில் குடியேறினார்கள். பவுலாவின் செல்வத்தால் துறவியருக்கும் கன்னியருக்கும் மடங்களும் யாத்திரிகருக்கு விடுதியும் எழுந்தன. சங்கீதங்களைத் திருத்தும் பணி அங்கே நடந்தது. செசாரியா நூலகத்தில் ஒரிஜன் என்ற பேரறிஞர் ஆறு நிரல்களில் எபிரேயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் அருகருகே எழுதிவைத்த பெருநூலை எரோணிமுஸ் சென்று பார்த்திருந்தார். அதிலிருந்து இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று படுத்திருக்கும் சிறு கோடு. கிரேக்கத்தில் உண்டு, எபிரேயத்தில் இல்லை என்பது அதன் பொருள். மற்றது நட்சத்திரம், கிரேக்கத்தில் இல்லாதது எபிரேயத்திலிருந்து சேர்க்கப்பட்டது என்று அது சொல்லும். அந்தப் பகுதி எதுவரை என்பதை இரட்டைப் புள்ளி காட்டும். எது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் வாசிப்பவனுக்கே காட்டிவிட்ட நேர்மை இது. எழுதுபவர்கள் அடையாளங்களை விட்டுவிடாதிருக்க அவர் மன்றாடினார். மன்றாட்டு வீணாயிற்று. காலப்போக்கில் பெரும்பாலான பிரதிகளில் கோடும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இன்னும் மோசமாக, வாசகனின் அறிவுக்காக அவர் ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பை யாரோ ஒருவன் சங்கீதத்தின் உள்ளேயே சேர்த்து எழுதிவிட்டான்! கோத்தியர் இனத்துச் சுன்னியா, பிரெத்தேலா என்ற இருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் இதைச் சொல்லிக் கடிந்துகொள்கிறார்.

பின்பு கிரேக்கத்தை விட்டு எபிரேய மூலத்திலிருந்தே பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பெருஞ்செயலை மேற்கொண்டார். 390ஆம் ஆண்டளவில் தொடங்கிய வேலை 405ஆம் ஆண்டளவில் முடிந்தது. ஒவ்வொரு நூலுக்கும் முன் ஒரு முகவுரை. நூல் எப்படிப்பட்டது, எதில் கவனம் வேண்டும் என்பது அதில் இருக்கும். இசையாஸ், எசேக்கியேல் ஆகிய தீர்க்கதரிசிகளின் நூல்களில் அவர் செய்த ஏற்பாடு ஒன்றை இங்கே கூறவேண்டும். எழுத்துக்களை இடைவிடாது ஓடவிடாமல், கருத்து நிற்கும் இடத்தில் வரியையும் நிறுத்தி, அடுத்த கருத்தை அடுத்த வரியில் எழுதச் செய்தார். இப்படிக் கண்டு இது செய்யுளென்று நினைத்துவிடாதீர்கள், தெமோஸ்தெனேஸ், சிசெரோ ஆகியோரின் உரைநடைப் பேச்சுக்களையும் இப்படி எழுதுவதுண்டு, வாசிப்போரின் பயனுக்காகவே நானும் செய்தேன் என்று முகவுரையில் விளக்கினார். கோயிலில் நிருபம் வாசிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாமல் ஓடி, அர்த்தத்தை நடுவில் முறித்துப்போடுபவரை நாம் கேட்டதில்லையா?

இங்கிலாந்தின் வெயர்மத்-யாரோ மடத்துத் துறவிகள் 716ஆம் ஆண்டுக்கு முன் எழுதிமுடித்த மாபெரும் வேதாகமம் ஒன்று இன்றும் இத்தாலியில், புளோரன்ஸ் நகரில் உள்ளது. எரோணிமுஸின் மொழிபெயர்ப்பு முழுவதும் அடங்கிய பிரதிகளுள் அதுவே மிகப் பழையது. 1,000க்கு மேற்பட்ட தோல் தாள்கள். நிறை ஏறத்தாழ 34 கிலோ. அதைப் பாப்பரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்ற மடாதிபதி செயோல்பிரித் வழியிலேயே உயிர்நீத்தார். அந்தப் புத்தகம் முழுவதும் இவ்வாறு கருத்துக்கு ஒரு வரியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால், கண்ணுக்கு உதவுவது வேறு, கண்ணை மயக்குவது வேறு என்பதில் அவர் மிகத் தெளிவாயிருந்தார். செல்வர்கள் அந்நாளில் செந்நீலச் சாயமிட்ட தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் பெரிய பெரிய எழுத்துக்களில் வேதாகமம் எழுதுவித்தார்கள். யோபு நூலின் முகவுரையில் இவற்றைப் புத்தகமென்று சொல்வதைவிடச் சுமையென்று சொல்வது பொருந்தும் என்று கிண்டல் செய்து, தமக்கும் தம்மவருக்கும் எளிய தாள்களும் பிழையற்ற பாடமும் போதுமென்றார். கண்ணாடி அலுமாரியில் சரிகை அட்டையோடு பூட்டிவைத்த வேதாகமம் நம் வீடுகளிலும் இல்லாமலில்லை.

புதிய மொழிபெயர்ப்பை மக்கள் உடனே வரவேற்றார்கள் என்று எண்ணாதீர்கள். யோனாஸ் தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் பாடம் சுரை என்று சொன்னது. எரோணிமுஸ் அதை மாற்றி, ஐவி என்ற கொடியின் பெயரை இட்டார். வட ஆபிரிக்காவில் ஓயா என்ற ஊரில் ஆயர் இதை வாசித்தபோது, பழைய பாடத்தையே கேட்டுப் பழகிய சனங்கள் பெருங்குழப்பம் விளைவித்தார்கள். ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலைக்கு வந்துவிட்டார். இந்தச் செய்தியைப் புனித அகுஸ்தீனார் கடிதத்தில் எழுதி, எரோணிமுஸின் முயற்சியைப்பற்றித் தமது கவலையையும் வெளியிட்டார். உண்மையில் அந்தச் செடிக்கு இலத்தீனில் பெயரே கிடைக்கவில்லை. ஆகவே எரோணிமுஸ் தம் விளக்கவுரையில் அதைச் சித்திரம்போல் வருணித்திருந்தார்: திராட்சை இலைபோல் அகன்ற இலை, அடர்ந்த நிழல், பற்றுக்கோல் வேண்டாது தன் தண்டிலேயே நிற்கும், மணற்பாங்கான நிலத்தில் சில நாட்களிலேயே மரமாகும். இந்த அடையாளங்களைக் கேட்டதும் நம் ஊர்ச் சிறுவனும் ஆமணக்கு என்று சொல்லிவிடுவான். தமிழ் வேதாகமத்தில் ஆமணக்கு என்ற சொல்லையே வாசிக்கிறோம்.

அவர் இனிய சுபாவமுள்ள மனிதரல்லர். இதை மறைப்பதில் பயனில்லை. இளமைத் தோழரான ரூபினுஸோடு பகைத்து, மரணத்தின் பின்னும் அவரைத் திட்டித் தீர்த்தார். அகுஸ்தீனாருக்கும் தொடக்கத்தில் சுடுசொற்களே கிடைத்தன. ஆனால் இதே மனிதர் ஒரு சிறு குழந்தைக்காக எழுதிய கடிதத்தை வாசித்தால் இவர்தானா அவர் என்று திகைப்பீர்கள்.

தந்தத்தில் எழுத்துக்கள்

பவுலாவின் மருமகள் லேத்தா உரோமாபுரியில் இருந்தாள். அவளுடைய தந்தை இன்னும் பழைய தெய்வங்களின் பூசாரி. அவர் மடியில் இருந்துகொண்டே பேத்தி அல்லேலூயா பாடுவாளாம். பாட்டியின் பெயரையே தாங்கிய அந்தச் சின்னப் பவுலாவை எப்படி வளர்ப்பதென்று லேத்தா கேட்டதற்கு எரோணிமுஸ் எழுதிய பதில், தாய் தந்தையர் அனைவருக்கும் உரியது.

பிள்ளைக்கு உறுதியான மரத்திலோ தந்தத்திலோ எழுத்துக்களைச் செய்து கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அவள் அவற்றோடு விளையாடட்டும், விளையாட்டே பாடமாகட்டும். எழுத்து வரிசையைப் பாட்டாகப் பாடிப் பழகினால் போதாது. நடுவிலுள்ளதை முதலிலும் கடைசியிலுள்ளதை நடுவிலும் வைத்துக் குலைத்துக் காட்டவேண்டும். அப்பொழுதுதான் ஓசையால் அறிந்ததைக் கண்ணாலும் அறிவாள். மெழுகுப் பலகையில் எழுத்தாணி பிடிக்கும்போது நடுங்கும் கையின்மேல் பெரியவர் கையை வைத்து நடத்தவேண்டும்; அல்லது பலகையில் எழுத்தைக் குழியாய்ச் செதுக்கிவைத்தால், எழுத்தாணி அந்தக் குழியைவிட்டு விலகாமல் ஓடும். சரியாய்ச் செய்தால் அந்த வயதுக்குப் பிடித்தமான சிறு பரிசு. கூடப் படிக்க வேறு பிள்ளைகளும் இருக்கட்டும்; போட்டி ஊக்கந்தரும். மந்தமாயிருந்தால் ஏசக்கூடாது. குழந்தையில் படிப்பின்மேல் வெறுப்பு உண்டாகிவிட்டால் அது வளர்ந்தபின்னும் நீங்காது. எழுத்துக்கூட்டிப் பழகும் சொற்களைக்கூட அவர் விட்டுவிடவில்லை. அவை தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர்களின் பெயர்களாகவும், ஆதாம் முதல் வரும் பிதாப்பிதாக்களின் வரிசையாகவும் இருந்தால், வாசிக்கப் பழகும்போதே வேதாகமமும் மனதில் ஏறிவிடும் அல்லவா?

இவற்றுள் பல, குயிந்திலியன் என்ற உரோமை ஆசிரியர் சொல்லிவைத்தவையே. எரோணிமுஸ் அவற்றை ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே எழுதுவிக்கும் நமக்கு இந்த முறை அந்நியமாய்த் தோன்றாது. கடித முடிவில், நகரத்தில் இவ்வளவும் செய்ய முடியாவிட்டால் குழந்தையைப் பெத்லேகேமுக்கு அனுப்பிவிடு, நானே ஆசிரியனாயும் வளர்ப்புத் தந்தையாயும் இருந்து அவளைத் தோளில் சுமப்பேன் என்று எழுதினார் அந்தக் கோபக்காரக் கிழவர்.

மாலைப் பொழுது

404 சனவரியில் மூத்த பவுலா மரித்தாள். எரோணிமுஸால் பல நாட்கள் ஒன்றும் எழுத முடியவில்லை. 410இல் உரோமாபுரியைக் கோத்தியர் சூறையாடினார்கள். முதிய மார்செல்லா போர்வீரர் கையில் அடிபட்டுச் சில நாட்களில் உயிர்விட்டாள். நேற்றுவரை மாளிகையில் வாழ்ந்தவர்கள் இன்று உடுத்த துணியோடு அகதிகளாய்ப் பெத்லேகேமின் வாசலில் வந்து நின்றார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய அனுபவம் உள்ள நமக்கு அந்தக் காட்சியை விவரிக்கவேண்டியதில்லை. அவர் எசேக்கியேல் விளக்கவுரையை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களைக் கவனித்தார். வேதத்துக்கு உரையெழுதும் நேரத்தில் வேதம் சொன்னதைச் செய்வோம் என்பது அவர் எண்ணம்.

பகல் அகதிகளுக்குப் போயிற்று. இரவு மட்டும் எழுத்துக்கு எஞ்சியது. ஆனால் கண் மங்கிவிட்டது. எபிரேய எழுத்துக்கள் மிகச் சிறியவை. பகல் வெளிச்சத்திலேயே அவரால் அவற்றைச் சரியாய்ப் பிரித்தறிய முடியவில்லை, விளக்கொளியில் எப்படி முடியும்? கிரேக்க விளக்கவுரைகளைச் சகோதரர்கள் உரக்க வாசிப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்து சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். பிறர் வாயால் கேட்பது தம் கண்ணால் வாசிப்பதற்கு ஈடாகாதென்று அந்நூலின் 7ஆம் பாகத்து முகவுரையில் மனம் நொந்திருக்கிறார். வரியைப் பிரித்தும் நிறத்தைக் கூட்டியும் நட்சத்திரம் இட்டும் எத்தனையோ பேருடைய கண்ணுக்கு உதவியவருக்கு அந்த முதுமையில் துணையாய் இருந்தது சகோதரர்களின் குரல்தான்.

416இல் வன்முறைக் கும்பலொன்று மடங்களைத் தாக்கித் தீயிட்டது. ஒரு தியாக்கோன் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் எவுஸ்தோக்கியமும் மறைந்தாள். எரோணிமுஸ் 420 செப்டெம்பர் 30இல் மரித்து, ஆண்டவர் பிறந்த குகைக்கு அருகில் அடக்கஞ்செய்யப்பட்டார். அவருடைய மொழிபெயர்ப்பைத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546இல் திருச்சபையின் அதிகாரபூர்வ பாடமாக ஏற்றுக்கொண்டது. 2020இல், அவர் மறைந்து 1,600 ஆண்டுகள் நிறைந்த நாளில், பாப்பரசர் பிரான்சிஸ் வேதாகமப் பற்றைக் குறித்து ஒரு திருமுகம் வெளியிட்டார்.

அவருடைய கடைசி ஆண்டுகளில் பெத்லேகேம் மடத்தில் அவரைச் சூழ்ந்திருந்தவர்களுள் ஓர் இளம் கன்னிகை இருந்தாள். லேத்தா தன் மகளை அனுப்பித்தான் வைத்தாள். சின்னப் பவுலா தன் பாட்டி கட்டிய மடத்தில் வளர்ந்துகொண்டிருந்தாள்.